நட்புமுறைப் போட்டி: வெற்றிக்கு முன் ஓர் ஒத்திகை

நம் பள்ளித் திடல்களில் ‘போலா பாலிங்’ என்று அழைக்கப்படும் எறிபந்து, ஐரோப்பாவில் பல்லாயிரம் இரசிகர்களைக் கொண்ட விளையாட்டாகும். நார்வே, டென்மார்க், பிரான்சு ஆகிய நாடுகளின் மகளிர் அணிகள் இவ்விளையாட்டில் புகழ்பெற்றவை. இவ்வணிகள் உலகக் கிண்ணம், ஒலிம்பிக் போன்ற பெரும் போட்டிகளில் மட்டுமன்றி, அனைத்துலக நட்புமுறைப் போட்டிகளிலும் மோதுகின்றன. நட்புமுறைப் போட்டியில் வென்றாலும் உலக வெற்றியாளர் பட்டம் கிடைக்காது. அப்படியிருந்தும், முன்னணி அணிகள் இவற்றுக்கு ஏன் முக்கியத்துவம் அளிக்கின்றன?

இதை அறிய, முதலில் ஆட்டத்தின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்ட உள்ளரங்கத் திடலில் எறிபந்து ஆடப்படுகிறது. ஓர் அணியில் கோல் காவலர் உட்பட எழுவர் களமிறங்குவர். ஆட்டம் 30 நிமிடங்கள் கொண்ட இரு பகுதிகளாக நடைபெறும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று அடிகளுக்கு மேல் எடுத்து வைக்கவோ, மூன்று விநாடிகளுக்கு மேல் அசையாமல் நிற்கவோ கூடாது. எனவே, அடுத்து யாருக்குப் பந்தை எறிவது என்பதை நொடிப்பொழுதில் முடிவு செய்ய வேண்டும். தோழி எங்கே ஓடி வருவாள் என்பதைப் பார்க்காமலேயே உணரும் அளவுக்குப் புரிந்துணர்வு தேவைப்படுகிறது.

இந்தப் புரிந்துணர்வை வளர்ப்பதில்தான் தேசிய அணிகள் சிக்கலை எதிர்நோக்குகின்றன. தேசிய அணி வீராங்கனைகள் ஆண்டின் பெரும்பகுதியை வெவ்வேறு கழகங்களில் கழிக்கின்றனர். சிலர் வெளிநாட்டுக் கழகங்களிலும் ஆடுகின்றனர். ஒவ்வொரு கழகத்திற்கும் தனிப்பட்ட ஆட்டமுறை உண்டு. நாட்டிற்காக இவர்கள் ஒன்றுகூடக் கிடைப்பதோ சில நாள்கள்தாம். அந்தச் சில நாள்களில், பயிற்சியால் மட்டும் ஓர் அணியை உருவாக்கிவிட முடியாது. வலிமையான எதிரணியுடன் மோதும்போதுதான் உண்மை நிலை வெளிப்படும்.

இதற்காகவே பல நட்புமுறைத் தொடர்கள் தோன்றின. நார்வேயில் நடத்தப்பட்டு வந்த ‘மொபல்ரிங்கன் கிண்ணம்’ அவற்றுள் ஒன்று. ஒரு மரத்தளவாட நிறுவனத்தின் ஆதரவால் அப்பெயர் வந்தது. நார்வே, டென்மார்க், பிரான்சு ஆகிய மூன்று நாடுகளும் இணைந்து 2012ஆம் ஆண்டில் ‘கோல்டன் லீக்’ தொடரைத் தொடங்கின. அதில் விருந்தினராக நான்காவது அணியும் சேர்த்துக்கொள்ளப்பட்டது. நான்கு அணிகள் ஒன்றோடொன்று மோதினால் மொத்தம் ஆறு ஆட்டங்கள் நடைபெறும். ஓர் அணிக்குச் சில நாள்களிலேயே மூன்று சோதனைகள் கிடைத்துவிடும்.

நட்புமுறைப் போட்டியில் பயிற்றுநர் துணிந்து புதிய உத்திகளைச் சோதித்துப் பார்க்கலாம். எடுத்துக்காட்டாக, கோல் காவலரை வெளியே அழைத்துவிட்டு, தாக்குவதற்குக் கூடுதலாக ஒரு வீராங்கனையை இறக்கும் உத்தியைக் கூறலாம். தாக்குதல் வலுப்பெறும்; ஆனால், பந்து பறிபோனால் காலியான கோலுக்குள் எதிரணி எளிதாக எறிந்துவிடும். இத்தகைய உத்தியை இறுதியாட்டத்தில் முதன்முறையாகச் செய்து பார்ப்பது அறிவுடைமை ஆகாது. ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’ என்னும் பழமொழி இங்கு மிகவும் பொருந்தும்.

இளம் வீராங்கனைகளுக்கும் இப்போட்டிகள் கதவைத் திறந்துவிடுகின்றன. நார்வேயின் கோல் காவலராக விளங்கிய கேத்ரின் லுண்டே 2008, 2012, 2024 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றவர். மூன்றாவது தங்கத்தை வென்றபோது அவருக்கு வயது 44. இத்தகைய சாதனையாளர் அணியில் இருக்கும்போது, அடுத்த தலைமுறைக் காவலர் எப்போது அனுபவம் பெறுவது? பதக்கம் பணயமாக இல்லாத ஆட்டமே அதற்கு ஏற்ற இடம். அங்கே அவள் சில கோல்களை விட்டாலும், பாடம் கற்றுக்கொண்டு திரும்புவாள்.

தோல்வியைத் தாங்கிக்கொள்ளும் மனவலிமையும் ஓர் அணிக்குத் தேவை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நார்வே தன் முதல் ஆட்டத்திலேயே சுவீடனிடம் தோற்றது. எனினும், குறைகளைக் களைந்து முன்னேறி, இறுதியாட்டத்தில் பிரான்சை 29–21 எனும் புள்ளிகளில் வென்று தங்கம் பெற்றது. குழுச் சுற்றில் தோற்றதால் மீண்டெழ வாய்ப்பு இருந்தது. காலிறுதியில் தோற்றிருந்தால் தங்கக் கனவு அத்துடன் முடிந்திருக்கும். குறைகளை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் நட்புமுறைத் தோல்வி, ஒரு வகையில் நன்மையே.

ஆயினும், இப்போட்டிகளால் சில இடர்களும் உண்டு. கழக ஆட்டங்களால் ஏற்கெனவே களைத்திருக்கும் வீராங்கனைகளுக்கு இவை கூடுதல் சுமையாகலாம். உடல் மோதல் நிறைந்த இவ்விளையாட்டில், பெரும் போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன் ஏற்படும் ஒரு காயம், பல ஆண்டு உழைப்பை வீணாக்கிவிடும். எனவேதான், பயிற்றுநர்கள் வீராங்கனைகளை மாற்றி மாற்றிக் களமிறக்குகின்றனர். சிறந்த வீராங்கனை இருக்கையில் அமர்ந்திருப்பதைக் கண்டு இரசிகர்கள் ஏமாற்றம் அடையலாம். ஆனால், பயிற்றுநரின் பார்வை அன்றைய வெற்றியைத் தாண்டிச் செல்கிறது.

பள்ளி அணிகளுக்கும் இது பொருந்தும். மாவட்டப் போட்டிக்கு முன், பக்கத்துப் பள்ளியுடன் ஆடும் ஆட்டத்தில் யார் வென்றார் என்பது விரைவில் மறந்துபோகும். அந்த ஆட்டத்தில் கண்டறிந்த குறையைத் திருத்திக்கொண்ட அணியே, மாவட்டத் திடலில் நம்பிக்கையோடு கால்பதிக்கும்.