பிரேக் எண்ணெய் குறைகிறதா? ஊற்றினால் மட்டும் போதாது!

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்களில் பழைய கார் வைத்திருப்பவர்கள் பலர். பொங்கல், தீபாவளி வந்தால் குடும்பத்தோடு ஓசூர், தர்மபுரி வழியாக ஊருக்குப் புறப்படுகிறார்கள். சேலம் போகும் வழியில் தொப்பூர் கணவாய் இறக்கம் இருக்கிறது. அங்கே உயிரைக் காப்பது பிரேக்தான்.

பிரேக் எண்ணெய் குறைந்திருந்தால், கொஞ்சம் ஊற்றிக்கொண்டு கிளம்புவது பலருடைய வழக்கம். இது ஆபத்து. பிரேக் எண்ணெய் பெட்ரோல்போல எரிந்து தீர்வதில்லை. பேடு தேயத் தேய மட்டம் மெதுவாக இறங்கும். வாரத்துக்கு வாரம் குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம்.

கண்டுபிடிப்பது எப்படி?

2014-ல் தயாரிப்பு நின்றுபோன மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். அதன் பிற்கால வண்டிகளில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக். பெடலை மிதித்தால், எண்ணெயின் அழுத்தம் காலிப்பரில் உள்ள பிஸ்டனைத் தள்ளும். பேடு டிஸ்க்கைப் பிடிக்கும். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் கெட்டால் எண்ணெய் வெளியே வரும்.

இரவில் சக்கரங்களின் உள்பக்கம் பழைய பேப்பரை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் காட்டிக்கொடுக்கும். பிரேக் எண்ணெய் வழுக்கும். ஆனால் தண்ணீரில் கரைந்துவிடும். கிரீசும் என்ஜின் ஆயிலும் கரையாது.

பிறகு சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஹோஸ் சேரும் இடத்தில் ஈரம் என்றால் வாஷரைப் பாருங்கள். பிஸ்டனை மூடிய ரப்பர் உறையில் ஈரம் என்றால் சீல் போய்விட்டது.

பழுது பார்ப்பது

சீலும் உறையும் சேர்ந்த 'கிட்' ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் கேட்டு வாங்கலாம். பிஸ்டனில் துரு அரித்த குழி இருந்தால், அதையும் மாற்றவேண்டும். இல்லாவிட்டால் புது சீலும் கிழியும்.

ரப்பர் பாகங்களைப் பெட்ரோல், மண்ணெண்ணெய் கொண்டு கழுவக்கூடாது, உப்பிவிடும். புது பிரேக் எண்ணெயைத் தடவியே பொருத்தவேண்டும். எண்ணெயில் ஊறிய பேடு பிடிக்காது. அதைத் துடைத்துப் போடாமல், இரண்டு பக்கமும் புதிதாகப் போடுங்கள்.

கடைசியில் லைனில் உள்ள காற்றை முழுவதும் எடுக்க வேண்டும். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் இன்னும் காற்று இருக்கிறது. அந்த நிலையில் வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவராதீர்கள்.

துரு ஏன் வருகிறது?

பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரமே பிஸ்டனைத் துருப்பிடிக்க வைக்கிறது. புதிய 'டாட் 3' எண்ணெய் 205 டிகிரி சூடு வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். இறக்கத்தில் அப்படிக் கொதித்து ஆவியானால், பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுவது நல்லது. ஒழுகும் வண்டியோ, ஒர்க்ஷாப்புக்குக்கூட ஓட்டிக்கொண்டு போகவேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள். ஊர்ப் பயணத்தை ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் நஷ்டமில்லை.