தோலையும் மூட்டையும் பற்றும் வாதமும் ஆயுள்வேத மருத்துவமும்

பிணிகளுட் சில ஓர் உறுப்பளவில் நில்லாது உடலின் பல இடங்களிற் புகுந்து வருத்துவன. சொரியாசிஸ் என்னும் தோல்நோய் அத்தகையது. சித்த மருத்துவர் இதனைக் காளாஞ்சகப்படை என்பர். தோல் தடித்துச் செதிள் உதிரும் இந்நோயுடையாருட் சிலர்க்கு விரல், முழங்கால், முதுகு முதலியவற்றின் மூட்டுக்களும் வீங்கி நோகும். உடலைக் காத்தற்குரிய எதிர்ப்பாற்றல் உடலையே தாக்குதலால் இது விளைகின்றது என்பது இக்கால மருத்துவர் துணிபு.

ஆயுள்வேத வைத்தியர் இதன் தோற்குறிகளைக் கிடிபம் முதலிய குட்ட வகைகளுள்ளும், மூட்டுக்குறிகளை வாதரத்தத்துள்ளும் அடக்கி மருந்து வகுப்பர். வாதரத்தம் பெரும்பாலும் கவுட் எனும் நோயோடு ஒப்பிடப்படுவதேனும், சரக சம்ஹிதையின் சிகிச்சைப் பகுதி, 29 ஆம் அத்தியாயத்தில் அதற்குக் கூறும் பாகுபாடு இங்கும் கருதத்தக்கது. தோலையும் தசையையும் பற்றியது உத்தானம்; ஆழ்ந்த தாதுக்களைப் பற்றியது கம்பீரம். முன்னதற்குப் பூச்சு, எண்ணெய் தேய்த்தல், மருந்துநீர் சொரிதல், வைத்துக் கட்டல் ஆகிய புறமருத்துவமும், பின்னதற்கு நெய் அருந்தல், பேதி, வஸ்தி ஆகிய அகமருத்துவமும் விதிக்கப்பட்டன. மூலிகைகளுள் சீந்தில் சிறப்பாகப் போற்றப்படும். உப்பும் புளியும் மிகுதலும், பகலுறக்கமும் விலக்கப்படும்.

அந்நூல் மருத்துவத்தின் எல்லையையும் வரையறுத்துள்ளது. ஒரு தோடமே பற்றிய புதுநோய் தீரும். இரு தோடம் பற்றியது தணிந்து நிற்கும். முத்தோடமும் பற்றியது தீராது. காலந் தாழ்த்தலாகாது என்னும் உண்மை இதனுள் அடங்கியுள்ளது. இக்கால மருத்துவமும் அதனையே வற்புறுத்துகின்றது. அரிக்கப்பட்ட மூட்டென்பு முன்னைய நிலையை எய்தாது. ஆதலின் மெதொட்ரெக்ஸேற்று முதலிய மருந்துகள் தொடக்கத்திலேயே கொடுக்கப்படுகின்றன.

மூலிகை என்பதனால் மட்டும் ஒரு மருந்து தீங்கற்றதாகிவிடாது. பொஸ்ரன் நகர்ப் பகுதியில் விற்கப்பட்ட 70 ஆயுள்வேத மருந்துகளுள் 14 இல் ஈயம், இரசம், பாடாணம் ஆகியவற்றுள் ஒன்றேனும் இருந்தமை 2004 இல் வெளியான ஆய்வொன்றால் அறியப்பட்டது. சீந்தில் உண்டார் சிலர்க்கு ஈரல் பழுதுற்றமையை மும்பை மருத்துவர் 2021 இல் வெளியிட்டனர். மெதொட்ரெக்ஸேற்றும் ஈரலைத் தாக்கவல்லது. இரண்டையும் தாமாகவே சேர்த்துண்பார்க்கு இடர் மிகும்.

ஆகவே எண்ணெயும் பத்தியமும் நோயாளிக்கு ஆறுதல் அளிக்கலாம்; அவற்றை நம்பி மூட்டைக் காக்கும் மருந்தைக் கைவிடுதல் தகாது. உண்ணும் மருந்து அனைத்தையும் இருசார் மருத்துவர்க்கும் ஒளியாது உரைத்தலே நோயாளியின் முதற் கடன். காலமறிந்து செய்யப்படும் மருத்துவமே கையையும் காலையும் காக்கும்.