குழி விழுந்த தகடு

கரண்டி கழுவும்போது சட்டையை நனைத்துக்கொள்ளாதவர் இருக்க முடியாது. கரண்டியின் முதுகு குழாயைப் பார்த்திருக்கும்வரை தண்ணீர் வழிந்து ஓடிவிடும். கொஞ்சம் திருப்பிக் குழிந்த பக்கத்தைக் காட்டினால் போதும், விழுந்த வேகத்திலேயே தண்ணீர் வளைந்து திரும்பி நம் மேல் பாயும். எஃகுத் தகட்டைக் குறிவைத்து ரைஃபிள் சுடுகிறவரின் கண் தப்புவதும் தப்பாததும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

எஃகு இலக்குகளை வைத்து நடக்கும் பந்தயங்களில் பெயர்பெற்றது மெக்சிகோவில் பிறந்த ‘சிலுவெத்தா’. கோழி 200 மீட்டரில், பன்றி 300 மீட்டரில், வான்கோழி 385 மீட்டரில், செம்மறிக்கடா 500 மீட்டரில் நிற்கும். எல்லாம் தகட்டில் வெட்டிய உருவங்கள். குண்டு பட்டால் மட்டும் போதாது, உருவம் பீடத்திலிருந்து சாய்ந்து விழவேண்டும். காகித இலக்கில் ஓட்டையைத் தேடித் தொலைநோக்கியில் கண்ணை வைக்கவேண்டும். எஃகில் அந்த வேலை இல்லை. கடா மீது குண்டு பட்ட ‘டங்’ என்ற ஓசை ஒன்றரை வினாடி கழித்துச் சுட்டவர் காதுக்கு வந்து சேரும்.

ஈயத்தை நகத்தால் கீறலாம், எஃகைக் கீற அரம் வேண்டும். அப்படியிருக்க, சில கிராம் ஈயம் எஃகில் எப்படிக் குழி பறிக்கிறது? வேகம்தான் காரணம். வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் மோதும் கணத்தில், ஈயத்தைத் திடப்பொருளாகப் பிடித்துவைத்திருக்கும் வலு ஒரு பொருட்டே இல்லை. உருகாமலேயே அது திரவம்போல நடந்துகொள்கிறது. ஆகவே குழாய்த் தண்ணீருக்குப் போடும் கணக்கையே குண்டுக்கும் போடலாம்: அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதில் பாதி. ஈயம் தண்ணீரைப்போலப் பதினொரு மடங்குக்கு மேல் கனம். விடை, தகட்டின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் மீதும் ஏறத்தாழ 370 கிலோ. இவ்வளவும் வினாடியின் லட்சத்தில் இரண்டு மூன்று பங்கு நேரத்துக்குள் நடந்து முடிந்துவிடும்.

இந்த 370-ஐ எதனோடு ஒப்பிடுவது? ஸ்வீடன் பொறியாளர் யோஹான் ஆகஸ்ட் பிரினெல் 1900இல் வெளியிட்ட சோதனை இங்கே கைகொடுக்கிறது. 10 மில்லிமீட்டர் உருண்டையை 3000 கிலோ விசையோடு உலோகத்தின் மேல் அழுத்தி, விழுந்த குழியின் பரப்பால் அந்த விசையை வகுத்தால் கிடைப்பது பிரினெல் எண். கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிற சாதாரண எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகட்டில் ஐந்தரை மில்லிமீட்டர் அகலத்துக்குக் குழி விழும், எண் சுமார் 120. ஏஆர்500 வகை எஃகில் குழி மூன்று மில்லிமீட்டரைக்கூடத் தொடாது, எண் சுமார் 500. சுரங்க லாரிகளின் தொட்டியும் மண்வாரி இயந்திரங்களின் வாயும் கல் உராய்ந்து தேயாமலிருக்கப் பயன்படும் ரகம் இது.

பிரினெல் எண்ணும் ‘சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை கிலோ’ என்ற அதே அளவில்தான் வருகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. வினாடிக்கு 360 மீட்டரில் போகும் கைத்துப்பாக்கிக் குண்டின் அழுத்தம் 75 கிலோ, எம்.எஸ். தகடு தாங்கிவிடும். ரைஃபிள் குண்டின் 370-க்கு அது தாங்காது, ஏஆர்500 தாங்கும். வேகம் 930 மீட்டரை எட்டும்போது அழுத்தமும் 500-ஐ எட்டிவிடுகிறது. இது தோராயக் கணக்கு. ஆனால் எஃகு இலக்கு செய்பவர்கள் அனுபவத்தில் வகுத்துவைத்திருக்கும் வரம்பும் வினாடிக்கு 3000 அடி, அதாவது சுமார் 915 மீட்டர்தான்.

முகம் சமமாக இருக்கும் கடினமான தகட்டில் மோதிய குண்டு மாவாகச் சிதறித் தகட்டை ஒட்டியே விசிறிபோல நாலாபக்கமும் பாய்கிறது. அந்த விசிறியின் ஓரம் கத்தி மாதிரி. தகட்டுக்குப் பக்கத்தில் மரக்கட்டை நட்டிருந்தால், சில நாள் பயிற்சியில் அதே உயரத்தில் அறுபட்டு நிற்கும். தகட்டின் தலையைச் சுடுபவர் பக்கம் சற்றே சாய்த்துத் தொங்கவிட்டால் சிதறலில் பெரும்பகுதி தரைக்குப் போகும். அந்தத் தரை கல்லும் கான்கிரீட்டும் இல்லாத பொல பொல மண்ணாக இருக்கவேண்டும்.

எம்.எஸ். தகட்டைத் துண்டு போட்டு இலக்காக நிறுத்துவதில்தான் ஆபத்து. மெத்தென்ற இரும்பு என்பதால் அது பாதுகாப்பானது என்று தோன்றும். முதல் குண்டு கிண்ணம்போல ஒரு குழியை வெட்டி, அதன் விளிம்பில் இரும்பை உதடுபோல மடித்து எழுப்பிவிடும். அடுத்த குண்டு அந்தக் கிண்ணத்தில் விழுந்தால் ஈயமும் செம்பு உறையும் பக்கவாட்டில் போக வழியில்லை. கரண்டித் தண்ணீர்போல வளைந்து, வந்த திசைக்கே திரும்பும்.

ஏஆர்500 தகட்டையும் கெடுக்கலாம். ஒரு வழி, கிட்டத்தில் நின்று சுடுவது. குழல்வாயில் வினாடிக்கு 990 மீட்டரில் கிளம்பும் 5.56 மில்லிமீட்டர் ரக ரைஃபிள் குண்டு, 100 கஜம் போவதற்குள் காற்றின் தடையால் 880-க்கு இறங்கிவிடுகிறது. ரைஃபிளுக்கு 100 கஜத்துக்குக் குறையாத தூரம் என்ற விதி சும்மா வந்ததில்லை. இன்னொரு வழி, எஃகு முனை வைத்த தோட்டா. அமெரிக்க ராணுவத்தின் எம்855 அப்படிப்பட்டது. அந்த முனை ஈயம்போல வழிந்தோடாமல் தகட்டைக் குத்தும். காந்தத்தைக் குண்டின் முனையில் வைத்துப் பார்த்து, ஒட்டினால் ஒதுக்கிவைப்பது நல்ல வழக்கம்.

மூன்றாவது வழி, வெல்டிங். இந்த எஃகின் கடினம், காய்ச்சித் திடீரென்று குளிரவைத்துப் பெற்ற பதம். கொல்லுப்பட்டறையில் அரிவாளுக்குக் கொடுக்கும் தோய்ச்சலும் இதே வித்தைதான். மாட்டித் தொங்கவிட ஒரு வளையத்தைப் பற்றவைத்தால், சூடேறிய இடத்தைச் சுற்றி அந்தப் பதம் இறங்கிவிடும். முதல் குழி அங்கேதான் விழும்.

மெதுவாகப் போகும் குண்டு ஆபத்தில்லாதது என்று நினைப்பதும் தவறு. மாவாகச் சிதற அதற்கு வேகம் போதாது, முழுசாகத் திரும்பிவரலாம். ஏர்கன்னில் போடும் எஃகு உருண்டையை எஃகு இலக்கில் சுடவே கூடாது. கண்ணாடி அணியவேண்டியவர் சுடுபவர் மட்டுமல்ல; பின்னால் நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கும் தாத்தாவும், சத்தம் கேட்டு ஓடிவரும் பிள்ளையும்கூட. ஈயப்பொடி கண்ணுக்குத் தெரியாமல் கையிலும் சட்டையிலும் படிந்திருக்கும். குழந்தைகளின் மூளையை அது பாதிக்கும் என்பதால் கை கழுவாமல் சாப்பிடுவதோ பிள்ளையைத் தூக்குவதோ கூடாது.

சுடுவதற்கு முன் தகட்டைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்கவேண்டும். பழைய குண்டுகள் பட்ட இடங்கள் சாம்பல் நிறச் சூரியகாந்திப் பூக்கள்போல மின்னும். அவை ஈயத்தின் பூச்சுதான், சுரண்டினால் போய்விடும். உறை போட்ட விரலை மேலிருந்து கீழாக ஓட்டும்போது எங்காவது ஒரு குழியில் விரல்நுனி இறங்கினால், அந்தத் தகட்டைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடவேண்டும்.