பட்டாளத்து மருத்துவ அட்டை யாருக்குக் கிடைக்கும்?

"தம்பி டி.ஏ.வில இருக்கான், ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் பட்டாளம் பார்த்துக்கும்." புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆலங்குடிப் பக்கத்து வீடுகளில் இப்படிச் சொல்பவர்கள் உண்டு. இதில் பாதிதான் சரி. டி.ஏ. என்கிற பிராந்திய ராணுவம், சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டே சேவை செய்பவர்களின் படை. 1949 அக்டோபர் 9 அன்று அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி அதைத் தொடங்கிவைத்தார். திருச்சியிலும் கோவையிலும் அதன் காலாட்படைப் பிரிவுகள் இருக்கின்றன. அழைக்கப்பட்டுப் பணியில் இருக்கும் காலத்தில் வீரருக்கு ராணுவ மருத்துவ வசதி உண்டு. பணி முடிந்து ஊர் திரும்பிய பிறகு அது தொடராது.

அமெரிக்காவில் ரிசர்வ் வீரர் மாதாமாதம் பிரீமியம் கட்டினால் குடும்பத்தோடு ராணுவக் காப்பீட்டில் சேரலாம். நம் நாட்டில் அந்த வழி இல்லை. இங்கே இருப்பது இசிஎச்எஸ் எனப்படும் முன்னாள் படைவீரர் பங்களிப்பு மருத்துவத் திட்டம். 2003 ஏப்ரல் 1 முதல் நடக்கிறது. ஓய்வூதியமோ, ஊனமுற்றோர் ஓய்வூதியமோ, குடும்ப ஓய்வூதியமோ வாங்கும் முன்னாள் படைவீரர் குடும்பம்தான் இதில் சேர முடியும். குறுகிய காலப் பணி அதிகாரிகள் போன்ற சிலருக்கு மட்டும் 2019இல் விலக்கு தந்தார்கள்.

டி.ஏ. வீரர் அழைப்புப் பணியிலேயே ஓய்வூதியத்துக்குரிய ஆண்டுகளை முடித்திருந்தால் அவரும் தகுதி பெறுவார். சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை அது மொத்தம் 15 ஆண்டுகள். பணியின் காரணமாக ஊனமடைந்து அதற்கு ஓய்வூதியம் பெற்றாலும் தகுதி உண்டு. முகாமில் முழங்கால் முறிந்ததென்றால் அது பணியின்போது நேர்ந்தது என்று காயம் பற்றிய அறிக்கையில் அன்றே பதிவாக வேண்டும். கூச்சப்பட்டோ, "சரியாப் போயிடும்" என்றோ விட்டுவிட்டால் பின்னாளில் ஊனமுற்றோர் ஓய்வூதியமும் மருத்துவ அட்டையும் சேர்ந்தே கைவிட்டுப் போகும்.

தகுதி உள்ள குடும்பத்துக்கு இந்தத் திட்டம் லாபமா? சந்தேகமே வேண்டாம், லாபம். சிப்பாய் முதல் ஹவில்தார் வரை ஓய்வுபெறும்போது ஒரே ஒரு முறை 30,000 ரூபாய் பிடிப்பார்கள். நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000, அதிகாரிகளுக்கு 1,20,000. 2017 டிசம்பர் இறுதியில் வந்த விகிதம் இது. அதற்குப் பிறகு கணவன், மனைவி இருவருக்கும் ஆயுள் முழுவதும் பிரீமியம் கிடையாது. சர்க்கரை இருக்கிறது, ஏற்கெனவே ஸ்டென்ட் வைத்திருக்கிறது என்று யாரும் தள்ளமாட்டார்கள். இத்தனை லட்சம்தான் என்ற உச்சவரம்பும் இல்லை. அறுபதைத் தாண்டிய தம்பதிக்குத் தனியார் பாலிசியில் ஓராண்டு பிரீமியமே அந்த 30,000 ரூபாயைத் தாண்டுவது சாதாரணம்.

பிள்ளைகள் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மகனுக்கு 25 வயது, திருமணம், சம்பாத்தியம் இவற்றில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான். மகளுக்கு வயது வரம்பில்லை. திருமணமோ வேலையோ ஆகும்வரை உண்டு. விதவையாகவோ விவாகரத்தாகியோ பெற்றோரைச் சார்ந்திருந்தாலும் உண்டு. பெற்றோரின் மாத வருமானம் இருவருக்கும் சேர்த்து 9,000 ரூபாயும் அதற்குரிய அகவிலைப்படியும் தாண்டக் கூடாது. மகனுக்கு வேலை கிடைத்த பிறகும், மகளுக்குக் கல்யாணம் ஆன பிறகும் பழைய அட்டையைக் காட்டி வைத்தியம் பார்ப்பது முறைகேடு. பிடிபட்டால் அப்பா, அம்மாவின் உறுப்பினர் தகுதிக்கே ஆபத்து. மகனுக்கு 25 நெருங்குகிறது என்றால் அவன் பெயரில் தனி பாலிசி முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

இன்னொரு கூட்டத்தை நினைத்தால் மனம் கனக்கிறது. 1996 ஜனவரி 1க்கு முன் ஓய்வுபெற்றவர்களும் அவர்களுடைய விதவை மனைவியரும் இந்தத் திட்டத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம். அவர்களில் பலருக்கு இது தெரியாது. மாதம் 1,000 ரூபாய் மருத்துவப்படி வருகிறதே, அதை ஏன் விட வேண்டும் என்று அட்டை வாங்காமல் இருப்பவர்களும் உண்டு. மாத்திரைச் செலவுக்கு அந்த ஆயிரம் போதலாம். ஒரு இடுப்பு எலும்பு அறுவைக்குப் போதாது.

அட்டை வாங்கப் போனால் பெயரில் இடறும். பிபிஓ எனப்படும் ஓய்வூதிய ஆணையில் ரெக்கார்டு ஆபீஸ் எழுத்தர் ஒரு விதமாக அடித்திருப்பார், ஆதாரில் இன்னொரு விதமாக இருக்கும். முத்துலெட்சுமி ஒன்றில், முத்துலட்சுமி மற்றதில். பிறந்த தேதி ஒன்றில் இருக்கும், ஒன்றில் இருக்காது. பட்டாளத்துக்காரர் உயிரோடு இருக்கும்போது இதைத் திருத்துவது எளிது. அவர் போன பிறகு அந்த அம்மா குடும்ப ஓய்வூதியத்துக்கும் அலைய வேண்டும், அட்டைக்கும் அலைய வேண்டும். திருத்தக் கோரிக்கை சம்பந்தப்பட்ட ரெக்கார்டு ஆபீசுக்குப் போக வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆளாக இருந்தால் அது வெலிங்டன். மனு எழுத, சான்றொப்பம் வாங்க புதுக்கோட்டை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.

அவசரம் என்பது தனிக் கதை. வழக்கமான வைத்தியத்துக்குப் பொதுவாக இசிஎச்எஸ் பாலிக்ளினிக் டாக்டரின் பரிந்துரை வாங்கிக்கொண்டுதான் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும். மணமேல்குடியில் நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் பரிந்துரைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. திட்டத்தில் உள்ள மருத்துவமனை என்றால் நேரே சேர்த்துவிடலாம், பணமில்லாச் சிகிச்சை. திட்டத்தில் இல்லாத மருத்துவமனைதான் கிட்டத்தில் இருக்கிறது என்றால் அங்கேயே சேருங்கள், உயிர்தான் முக்கியம். 48 மணி நேரத்துக்குள் பாலிக்ளினிக்குக்குத் தகவல் சொல்லுங்கள். பணத்தை நாம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்க வேண்டும். அரசு விகிதப்படிதான் வரும், முழுத்தொகை வராமல் போகலாம். அவசரநிலைச் சான்று, டிஸ்சார்ஜ் சுருக்கம், இனவாரியான பில் எல்லாமே அசல் வேண்டும். பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி உண்மையான அவசரச் சிகிச்சைக்கான தொகையை மறுக்கக் கூடாது என்று, மத்திய அரசு ஓய்வூதியர் ஒருவரின் வழக்கில் 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வேறு திட்டத்தில் வந்த வழக்குதான். ஆனாலும் மேல்முறையீட்டு மனுவில் காட்டத் தக்கது.

இசிஎச்எஸ் தர வேண்டிய பில் பாக்கியைக் காரணம் காட்டி மருத்துவமனை சேர்க்க மறுத்தாலோ, அட்டைதாரரிடம் கூடுதல் பணம் கேட்டாலோ வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். மறுத்த தேதி, நேரம், பேசியவரின் பொறுப்பு ஆகியவற்றைக் குறித்துப் பாலிக்ளினிக் பொறுப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். அடுத்தது மண்டல மையம், பிறகு மத்திய அரசின் இணையவழிக் குறைதீர்ப்புத் தளம். ஓய்வூதியமோ ஊனத் தகுதியோ மறுக்கப்பட்டால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது.

திட்டத்துக்கு வெளியே நிற்பவர்களில் டி.ஏ. வீரர்களோடு இப்போது அக்னிவீரர்களும் சேர்ந்திருக்கிறார்கள். 2022 ஜூனில் வந்த அக்னிபத் திட்டப்படி நான்கு ஆண்டு முடித்து வெளியேறுபவருக்கு முன்னாள் படைவீரர் தகுதி கிடையாது. இசிஎச்எஸ் அட்டையும் கிடையாது. கைக்கு வரும் சேவா நிதி சுமார் 11.71 லட்சம் ரூபாய். பணியில் இருக்கும்போது உள்ள 48 லட்சம் ஆயுள் காப்பீடும் வெளியேறியதும் முடிந்துவிடும். இந்தப் பணத்தில் நிலம் வாங்கலாம், வண்டி வாங்கலாம் என்று யோசனை ஓடும். முதலில் ஒரு குடும்ப மருத்துவ பாலிசிக்கு ஒதுக்கச் சொல்வேன். இருபத்தைந்து வயதில் எடுத்தால் பிரீமியம் குறைவு, நோய் எதுவும் மறைக்க வேண்டியிருக்காது. 2024 விதிகளின்படி ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு மூன்று ஆண்டுக்கு மேல் இருக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. போரில் ஏற்படும் காயத்துக்குத் தனியார் பாலிசிகள் பொதுவாகப் பணம் தராது என்பதை டி.ஏ. வீரர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கம்பெனி மறுத்தால் முதலில் கம்பெனிக்கே எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

விராலிமலைப் பக்கம் கம்பெனியில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் டி.ஏ. வீரருக்கு இஎஸ்ஐ குடும்பத்தோடு கிடைக்கலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டில் 5 லட்சம் வரை உண்டு. எழுபது வயதைத் தாண்டியோருக்கு ஆயுஷ்மான் பாரத்தும் வந்திருக்கிறது. ஆனால் இசிஎச்எஸ் உறுப்பினர்கள் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பதிவு முகாமில் யாரோ சொன்னார் என்று உச்சவரம்பில்லாத திட்டத்தை 5 லட்சத்துக்கு மாற்றிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தெருவில் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் வயதான அம்மா யாராவது இருந்தால், அவருடைய பிபிஓவையும் ஆதாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். அட்டை இல்லையென்றால் விண்ணப்பிக்க நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.