பார்வையற்றோர் கைக்கருவியும் படியெடுத்தலும்

பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் 1890-ஆம் ஆண்டிற் பார்வையற்றோர்க்குப் பள்ளி தொடங்கினார். அவர்தம் கல்விக்கு நெடுங்காலம் துணையாய் நின்ற பிரெய்லி ஏடுகள் பருமனாயினும், மின்சாரம் ஒழிந்தால் அழிவன அல்ல. இந்நாளில் ஆய்க்குடியினின்று வெளியூர் சென்று பயிலும் பார்வையற்ற மாணாக்கர் தம் குறிப்பனைத்தையும் ஒரு கைக்கருவியில் அடக்கிவிடலாம். அஃது அழியின் யாது செய்வார்?

1987-இல் வெளிவந்த ‘பிரெய்ல் அன் ஸ்பீக்’ போன்ற பழங்கருவிகளில் மின்கலம் முற்றும் வறண்டால் குறிப்புகளும் மறையும். இக்காலக் கருவிகளின் ‘ஃபிளாஷ்’ நினைவகம் மின்சாரமின்றியும் நிற்கும். எனினும், கருவி எழுதுகையில் மெமரி கார்டை உருவினால் கோப்பு சிதையும். திரையில் தோன்றும் எச்சரிக்கையைப் பார்வையற்றவர் செவியாலோ விரலாலோ அன்றி அறியார். ஆதலின் மின்கல அளவை அடிக்கடி கேட்டறிதலும், கருவி விடைகொடுத்த பின்னரே கார்டை நீக்குதலும் இன்றியமையாதன.

நம் முன்னோர் ஓலை செல்லரிக்குமுன் புதிய ஏட்டிற் படியெடுத்தனர். அவ்வண்ணமே வாரந்தோறும் இரு படிகள் எடுத்து, ஒன்றைக் கணினியிலும், மற்றொன்றை வேறோரிடத்துப் பென் டிரைவிலும் வைத்தல் வேண்டும். அப்படியைத் திறந்து செவிமடுத்தாலன்றி நம்பற்க. பிறர் படிக்கக் கேட்டெழுதிய குறிப்பை மீண்டும் பெற, மற்றொருவர் கண்ணும் பொழுதும் வேண்டுமன்றோ?