தலையாட்டி பொம்மை ஓவியம் பார்க்கிறது

ஓசூர் சிப்காட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் அக்கா மகனுக்கு வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனை இழுத்துக்கொண்டு பெங்களூரு போனேன். அத்திப்பள்ளி தாண்டி, சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து, அரண்மனைச் சாலை மாணிக்கவேலு மாளிகைக்குப் போய்ச் சேர மதியமாகிவிட்டது. தேசிய நவீனக் கலைக்கூடம் 2009 முதல் அங்கேதான் இருக்கிறது. ஓர் அரூப ஓவியத்தின் முன் நின்றோம். பழுப்பும் கறுப்புமாகச் சில பட்டைகள், நடுவே ஒரு கீறல். பையன் மோவாயில் விரலை வைத்தான், கண்ணைச் சுருக்கினான், மெதுவாகத் தலையாட்டினான். பக்கத்தில் நின்ற பெரியவரும் தலையாட்டினார். அவரைப் பார்த்து இவன் இன்னொரு முறை ஆட்டினான்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "என்னடா புரிஞ்சுது?"

"ஒன்னும் புரியல மாமா. அவர் எப்போ தலையாட்டுறாரோ அப்போ நானும் ஆட்டுனேன். டைமிங் மட்டும் தப்பாம பாத்துக்கிட்டேன்."

சிரித்து முடித்தபோதுதான் உறைத்தது. குறித்த நொடியில் குறித்த அசைவு, தப்பினால் மானம் போகும்: தாள விளையாட்டுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஓசூர் வந்து சேர்வதற்குள் கையிலிருந்த காகிதத்தில் படம் போட்டுவிட்டோம். கதாநாயகன், தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. காட்சிக்கூடத்தில் ஒவ்வொரு ஓவியத்தின் முன்னும் நிற்கும். சரியான தாளத்தில் நாம் திரையைத் தட்டினால் "ஆஹா" என்று ஆட்டும். கொஞ்சம் பிசகினால் "ம்ம்…" என்று இழுக்கும். ரொம்பப் பிசகினால் பக்கத்து ரசிகர்கள் திரும்பி முறைப்பார்கள். அடிப்பாகம் கனமாக இருப்பதால் எப்படித் தள்ளினாலும் நிமிர்ந்துவிடுகிற பொம்மை. ஆகவே இந்த ஆட்டத்தில் தோல்வி கிடையாது, அசடு வழிதல் மட்டும் உண்டு.

வெங்காயம் கற்றுத்தந்த பாடம்

தாள விளையாட்டு வகைக்கு முன்னோடி, 1996இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த 'பாராப்பா தி ராப்பர்'. ஜப்பானிய இசைக்கலைஞர் மசாயா மட்சுரா உருவாக்கினார். பாத்திரங்களை வரைந்தது ரோட்னி கிரீன்பிளாட் என்ற நியூயார்க் ஓவியர். அதாவது, இந்த வகை பிறந்தபோதே ஓவியன் கூட இருந்திருக்கிறான். அதில் காகிதம்போல் தட்டையான நாய்க்குட்டிக்கு, வெங்காயத் தலை கொண்ட குரு ஒருவர் தாளத்தோடு கராத்தே சொல்லித்தருவார். 2006இல் நிண்டெண்டோ வெளியிட்ட 'ரிதம் டெங்கோகு'வில் வெங்காயத்தின் முகத்தில் முளைத்த முடியைத் தாளம் பிசகாமல் பிடுங்க வேண்டும். இரண்டிலும் ஏன் வெங்காயம் என்று கேட்காதீர்கள். கவனிக்க வேண்டியது, இரண்டிலும் சிரிப்பும் தாளமும் ஒன்றாக வருவது.

நம் ஊருக்கு இது புதிதில்லை. கோலாட்டம் இதன் மூத்த வடிவம். அதில் மதிப்பெண் பலகை இல்லை. தாளம் தப்பினால் எதிராளியின் கோல் நம் விரல் கணுவில் விழும். அதைவிடத் தெளிவாக எந்தத் திரையும் தவற்றைச் சொல்லிவிட முடியாது.

முந்திக்கொள்ளும் விரல்

வீட்டில் டிக் டிக்கென்று ஓடும் சுவர்க்கடிகாரம் இருந்தால் ஒரு சோதனை செய்யலாம். ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு கரண்டியால் டம்ளரைத் தட்டுங்கள். இரண்டு ஒலியும் ஒன்றாகக் கேட்கிறதென்று சத்தியமே செய்வீர்கள். கருவி வைத்து அளந்தால், பெரும்பாலோரின் தட்டல் டிக்குக்குச் சில பத்து மில்லிவிநாடி முன்னதாக விழுந்திருக்கும். (ஒரு மில்லிவிநாடி, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) இசைப் பயிற்சி உள்ளவர்களுக்கு இந்த முந்தல் குறைவு.

ஒலியைக் கேட்ட பிறகு கையை அசைத்தால் ஏறத்தாழ நூற்றைம்பது மில்லிவிநாடி தாமதமாகும். ஆகவே மூளை காத்திருப்பதில்லை. அடுத்த அடி எப்போது விழும் என்று முன்கூட்டியே கணித்துக் கையை அனுப்பிவிடுகிறது. நாம் அசையாமல் உட்கார்ந்து தாளத்தைக் கேட்கும்போதும் அசைவுக்கான மூளைப் பகுதிகள் வேலை செய்வதை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கச்சேரியில் தொடையில் கை தானாகப் போவது அதனால்தான்.

இதைச் சொன்னதும் மருமகன், "எங்க லைன்லயும் அப்படித்தான் மாமா. பார்ட் வந்தப்புறம் கைய நீட்டுனா டாக்ட் போயிரும். வர்றதுக்கு முன்னாடியே கை அங்க இருக்கணும்" என்றான். ஓசூரில் எந்த அசெம்பிளி லைனில் கேட்டாலும் 'டாக்ட் டைம்' தெரியும். ஒரு ஷிஃப்டில் ஓய்வு போக 450 நிமிடம். 900 உருப்படி வேண்டும் என்றால் முப்பது விநாடிக்கு ஒன்று இறங்கியாக வேண்டும். அந்த முப்பது விநாடிதான் டாக்ட். 1930களில் ஜெர்மன் விமானத் தொழிற்சாலைகளில் புழங்கி, பிறகு டொயோட்டா வழியாக உலகம் சுற்றிய சொல். ஜெர்மனில் அதற்குப் பொருள், தாளம். இசை நடத்துநரின் கோல் காட்டுகிற அதே தாளம்! சிப்காட் தொழிலாளி ஷிஃப்ட் முழுக்கத் தாளம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறான். யாரும் அவனுக்கு அதைச் சொன்னதில்லை.

தாளத்துக்கு இன்னொரு ஓசூர்ச் சான்றும் உண்டு. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன், இங்கே குவார்ட்ஸ் கைக்கடிகாரங்களைச் செய்தது. அதன் உள்ளே ஒரு குட்டிப் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. விசித்திரமான எண்ணாகத் தெரியும். பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, இப்படிப் பதினைந்து முறை போனால் சரியாக ஒன்று வரும். அந்த ஒன்றுதான் விநாடி முள்ளின் ஒரு தாவல்.

ஆனால் செல்போனில் தாள விளையாட்டு செய்கிறவருக்கு வாழ்க்கை அவ்வளவு சுலபமில்லை. பல செல்போன்களின் திரை விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் 16.7 மில்லிவிநாடி. புளூடூத் இயர்போன் போட்டால் ஒலி நூறு, இருநூறு மில்லிவிநாடி தாமதமாக வரும். நாம் சரியாகத் தட்டினாலும் பொம்மை அசடு வழியும். ஆகவே ஆட்டத்துக்கு முன் 'சுருதி சேர்க்கும்' திரை ஒன்று வேண்டும்: பத்துப் பதினைந்து முறை தட்டச் சொல்லி, தாமதத்தை அளந்து, கழித்துக்கொள்ளும். நேரக் கணக்கையும் படத்தின் ஓட்டத்தை நம்பி வைக்காமல் ஒலியின் ஓட்டத்தில் கட்ட வேண்டும். படம் ஒரு கணம் திக்கினால் கண் மன்னிக்கும். தாளம் திக்கினால் காது மன்னிக்காது.

17 விநாடி

சரி, இதற்கும் ஓவியத்துக்கும் என்ன சம்பந்தம்?

நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் ஜெஃப்ரி ஸ்மித், லிசா ஸ்மித் என்ற ஆய்வாளர்கள் பார்வையாளர்களைச் சத்தமில்லாமல் கவனித்து 2001இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புகழ்பெற்ற ஓவியங்களின் முன்னேகூட மனிதர்கள் நின்றது சராசரி 27 விநாடி. வரிசைப்படுத்தி நடுவில் இருப்பவரைப் பார்த்தால் 17 விநாடிதான். ஓவியத்தின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படிக்கும் நேரமும் அதில் அடக்கம். ஒரு மனிதரை 17 விநாடி பார்த்துவிட்டு "இவர் புரியவில்லை" என்று எழுந்துபோனால் எப்படி இருக்கும்?

நிற்க வைப்பது எது? டேனியல் பெர்லைன் என்ற உளவியலாளர் 1971இல் ஒரு கருத்தை முன்வைத்தார். மிக எளிமையானது சலிக்கும். மிகச் சிக்கலானது விரட்டும். இன்பம் நடுவில் இருக்கிறது. வரைந்தால் கவிழ்த்த கிண்ணம்போல வளைவு வரும். அது ஓவியம், வடிவம் பற்றிய பேச்சு. 2014இல் மரியா விடெக்கும் சக ஆய்வாளர்களும் டிரம் தாளங்களைக் கேட்கச் செய்து, எதற்கு ஆடத் தோன்றுகிறது என்று விசாரித்தார்கள். எதிர்பார்த்த இடத்தில் அடி விழாமல் ஏமாற்றுவது கொஞ்சமாக இருந்தாலும் ஆடத் தோன்றவில்லை, மிதமிஞ்சினாலும் தோன்றவில்லை. நடுத்தரமாக இருந்தபோதுதான் ஆடத் தோன்றியது. அதே கவிழ்த்த கிண்ணம்! சினிமாப் பாட்டிலும் தவிலிலும் எடுப்பு தள்ளி விழும்போது நமக்குச் சிலிர்ப்பதும் இதனால் இருக்கலாம்.

சிரிப்பும் அந்த வீட்டுப் பிள்ளையே. எதிர்பார்ப்பைக் கட்டி, ஆபத்தில்லாத வகையில் உடைத்தால் சிரிப்பு வருகிறது. மிருதங்கக்காரர் ஒரு கோர்வையை மூன்று முறை சொல்லிச் சமத்தில் வந்து இறங்குவார்; நகைச்சுவை நடிகர் இரண்டு முறை சொல்லி மூன்றாவதை மாற்றிப்போடுவார். இருவரும் நம்பியிருப்பது நம் தலைக்குள் ஓடும் அதே கணக்கை.

மூன்று கட்டம்

எங்கள் விளையாட்டின் முதல் கட்டத்துக்கு மோண்ட்ரியன். 1940இல் போருக்குத் தப்பி நியூயார்க் போன அந்த டச்சு ஓவியருக்கு 'பூகி வூகி' இசைமேல் பித்து. 1942-43இல் வரைந்த 'பிராட்வே பூகி வூகி'யில் மஞ்சள் கோடுகளின்மேல் சிவப்பு, நீலச் சதுரங்கள் சிதறிக் கிடக்கும். கோட்டின் ஒரு முனையிலிருந்து கண்ணை ஓட்டினால் சதுரம், இடைவெளி, சதுரம், சதுரம் என்று தகதிமி கேட்கும். பொம்மைக்கு இது பாலபாடம்.

இரண்டாம் கட்டத்துக்கு நம் கே.சி.எஸ். பணிக்கர். கோயம்புத்தூரில் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர், 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவியவர். பத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத் தங்கள் ஓவிய வாழ்க்கையைத் தாங்களே தாங்கிக்கொண்ட கூட்டம் அது. 1963இல் தொடங்கிய அவருடைய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையைப் பார்த்தால் பழைய ஜாதகக் கட்டமும் கணக்கு நோட்டும் கலந்ததுபோல இருக்கும். எழுத்துபோல் தெரியும், படிக்க வராது. அங்கே தாளம் மிசிரத்துக்கு மாறும்: தகிட தகதிமி, ஏழு. படிக்க முயன்று நிற்கிற பொம்மைக்கு அடி தப்பும்; வாசிப்பதை விட்டுவிட்டுக் கோட்டின் ஏற்ற இறக்கத்தைப் பின்தொடர்ந்தால் ஏழு பிடிபடும். நடைமுறையில் ஒரு சிக்கல். இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. பணிக்கர் மறைந்தது 1977இல். 2037 முடியும்வரை அனுமதி வாங்க வேண்டும், அல்லது அந்தப் பாணியில் நாமே கிறுக்க வேண்டும்.

கிறுக்கல் என்றதும் "இதை என் குழந்தையே வரைந்துவிடும்" என்ற பழைய வசனம் வருகிறது. 2011இல் ஏஞ்சலினா ஹாலி-டோலன், எலன் வின்னர் இருவரும் அதைச் சோதித்தார்கள். அரூப ஓவியர்களின் படங்களைக் குழந்தைகள், குரங்குகள், யானைகள் வரைந்தவற்றோடு ஜோடி சேர்த்துக் காட்டினார்கள். சில ஜோடிகளில் பெயர்களை வேண்டுமென்றே மாற்றியும் ஒட்டினார்கள். கலை படிக்காதவர்களும்கூட, குருட்டாம்போக்கில் சொன்னால் கிடைப்பதைவிட அதிகமான முறை ஓவியரின் படத்தையே சிறந்ததென்று தேர்ந்தார்கள். "புரியல" என்று சொல்கிறவனுக்கும் கண் ஏதோ சொல்லத்தான் செய்கிறது.

மூன்றாம் கட்டத்துக்கு மவுரிசியோ கட்டெலானின் வாழைப்பழம். 2019இல் சுவரில் டேப் போட்டு ஒட்டி 1,20,000 டாலருக்கு விற்றார். 2024இல் அதன் ஒரு பிரதி 62 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இந்தக் கட்டத்தில் எத்தனை முறை தட்டுகிறோமோ அவ்வளவும் தப்பு. சும்மா நின்றால் வெற்றி.

தாளம் நின்ற பிறகு

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழும். திரும்பத் திரும்பப் பார்க்க வைத்து, தாளம் போட வைத்து, எதையும் பிடிக்க வைத்துவிடலாமே? பழகினால் பிடிக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டு. ஆனால் 2013இல் ஆரன் மெஸ்கினும் சக ஆய்வாளர்களும் பிரிட்டிஷ் மாணவர்களுக்குத் தாமஸ் கின்கேடின் இனிப்புத் தடவிய காட்சி ஓவியங்களைத் திரும்பத் திரும்பக் காட்டியபோது, பிடித்தம் ஏறவில்லை, இறங்கியது. பழக்கம் நல்லதைத் தாங்கிப்பிடிக்கலாம். மோசத்தை அம்பலப்படுத்தவும் செய்யும். ஆகவே நம் விளையாட்டு யாருக்கும் ரசனையை ஊட்டத் தேவையில்லை. 17 விநாடியைக் கொஞ்சம் நீட்டித் தந்தால் போதும். மீதியைக் கண் பார்த்துக்கொள்ளும்.

அதனால் அந்த மூன்றுக்கும் பிறகு வரும் கடைசிக் கட்டத்தை ஓர் ஆய்வகச் சோதனையிலிருந்து எடுத்தோம். தாளக் கருவியோடு சேர்ந்து தட்டச் சொல்லி, இடையில் கருவியை நிறுத்திவிடுவார்கள். மனிதர்கள் அதே காலப்பிரமாணத்தில் தொடர்ந்து தட்டிக்கொண்டே போவார்கள். தாளம் வெளியிலிருந்து உள்ளே போய்விட்டது என்பதற்கு அதுவே சான்று. எங்கள் விளையாட்டிலும் கடைசி ஓவியத்தின் முன் இசை நின்றுவிடும், பக்கத்து ரசிகர்கள் போய்விடுவார்கள், மதிப்பெண் மறைந்துவிடும். பொம்மையும் ஓவியமும் மட்டும். ஆட்டுவதும் ஆட்டாததும் நம் இஷ்டம்.

"அப்போ ஜெயிச்சோமா இல்லையான்னு எப்படி மாமா தெரியும்?" என்றான் பையன்.

அடுத்த மாதம் மறுபடி பெங்களூரு போனோம். அதே பட்டைகள், அதே கீறல். பக்கத்தில் யாரும் இல்லை. மோவாயில் விரல் வைக்காமல், தலையும் ஆட்டாமல், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். ரொம்ப நேரம் கழித்து, "மாமா, இந்தக் கீறல் நடுவுல இல்ல. கொஞ்சம் எடப்பக்கமா இருக்கு" என்றான்.

போன தடவை எனக்கே அது தெரியவில்லை.