படிவத்தை வரைந்தவர் யார்?

உயர்தர வகுப்பில் தகவல் முறைமை பற்றிய பாடத்தைத் தொடங்கும்போது, அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைக்கச் சொல்வேன். பன்னிரண்டு இலக்கங்கள். முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தார் என்பது. பெண் பிள்ளையென்றால் அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். “இப்படிக் கூட்டச் சொன்னது யார் சேர்?” என்று மாணவியர் கேட்பார்கள். உள்ளீடு, செயன்முறை, வெளியீடு என்று மட்டும் படித்தால் இதற்கு விடை வராது. சமூகவியலும் மெய்யியலும் வேண்டும்.

தகவல் முறைமைத் துறையிலேயே இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர்கள் உண்டு. லைப்னிட்ஸ், லொக், கான்ட், ஹேகல் ஆகியோரின் மெய்யியலை வைத்துத் தகவல் முறைமைகளை ஆராய்ந்து 1971இல் நூல் எழுதினார் அமெரிக்கரான வெஸ்ட் சேர்ச்மன். தகவலைக் குவிப்பதால் மட்டும் அறிவு வந்துவிடாது என்பது அவர் வாதம்.

எனக்கு இன்னும் நெருக்கமானவர் நோர்வேயின் கிறிஸ்டன் நைகார்ட். பொருள்நோக்கு நிரலாக்கத்துக்கு வழிதிறந்த சிமுலா மொழியை ஒலே-யோஹான் டாலுடன் சேர்ந்து 1960களில் உருவாக்கியவர். அந்தப் புகழோடு அவர் நின்றுவிடவில்லை. 1970களின் தொடக்கத்தில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். தொழிற்சாலைக்குக் கணினி வந்தால் தங்கள் வேலை என்னவாகும் என்பதைத் தொழிலாளர்களே படித்து, ஆராய்ந்து, தங்கள் நிபந்தனைகளை முன்வைத்தார்கள். பிறகு நிறுவனங்கள் சங்கங்களோடு இதற்கென ஒப்பந்தமும் செய்துகொண்டன.

அந்த மரபில் வந்த ஒஸ்லோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின் தென்னாபிரிக்காவின் சுகாதார ஊழியர்களோடு சேர்ந்து ஒரு சுகாதாரத் தகவல் முறைமையை வளர்த்தார்கள். அதன் இன்றைய வடிவம் டிஎச்ஐஎஸ்2. 2020 ஜனவரியில் கொவிட் கண்காணிப்புக்காக அதைத் தழுவியது நம் இலங்கைதான். நம்மவர் செய்த வேலையைப் பல நாடுகள் பின்பற்றின. இதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு.

அதே ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, கொவிட்டால் இறந்தவர்களின் உடல்களை எரித்தே ஆக வேண்டும் என்றது. அடக்கமும் செய்யலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. ‘தொற்று உறுதி’ என்று ஒரு பதிவு விழுந்தால் போதும், உம்மாவின் ஜனாஸா பிள்ளைகளுக்கு இல்லை. பதிவு பிழையில்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தப் பதிவோடு எந்த விதியைக் கட்டுவது என்பதை மருத்துவச் சோதனை சொல்லாது. மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அந்த முடிவில் இறந்தவரின் குடும்பத்துக்கு இடமே இருக்கவில்லை. தரவு நடுநிலையானது என்று யாராவது சொன்னால் என்னால் ஏற்க முடியாததற்கு இதுவே காரணம்.

2021 பெப்ரவரி 25ஆம் திகதி அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச் 5 முதல், நாட்டின் எல்லாப் பக்கங்களிலிருந்தும் உடல்கள் எங்கள் ஓட்டமாவடிக்கு வந்தன. இங்குள்ள மஜ்மா நகர் மண்ணில் ஓராண்டுக்குள் 3,600க்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டார்கள். முஸ்லிம்களோடு மற்றச் சமயத்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். கட்டாய எரிப்புக்காக மன்னிப்புக் கோர அமைச்சரவை முடிவெடுத்தது 2024 ஜூலையில்.

வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் கணினி படிக்கும் தம்பி தங்கைகளே, இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறீர்களென்றால் மஜ்மா நகருக்கு வாருங்கள். தரவுத்தளம் வரையும் முன், தூரத்து ஊர்களிலிருந்து கபுறு தேடி வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுங்கள். அந்தத் தரவுத்தளத்தில் என்ன இருக்க வேண்டும், யார் பார்க்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள்.